'வாங்க' என்பதற்கு ஐந்து இடம்

நான் சொல்லாமல் விட்ட ஒரே ஒரு வார்த்தைக்காக மூன்று வெள்ளாட்டுக் கிடாய்கள் உயிரை விட்டன. அந்த வார்த்தை 'வாங்க'. கெட்ட வார்த்தை பேசி வம்பில் மாட்டியவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நல்ல வார்த்தையைப் பேசாமல் மாட்டியவன் திண்டுக்கல் டவுனிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

எங்கள் பக்கம் வீட்டுக்கு வருகிறவர்களை வாசலிலேயே 'வாங்க' என்று கேட்க வேண்டும். காபி கொடுக்காவிட்டால் மன்னித்துவிடுவார்கள். உட்கார நாற்காலி இல்லாவிட்டாலும் பொறுத்துக்கொள்வார்கள். 'வாங்க' கேட்கவில்லை என்றால் அதை வருஷக்கணக்கில் வைத்திருந்து பேசுவார்கள். அதிலும் வந்தவர் பெண் கொடுத்தவராகவும் கேட்காமல் விட்டவன் மாப்பிள்ளையாகவும் இருந்தால் பஞ்சாயத்துக்கு ஆள் தேட வேண்டியதுதான்.

என் மனைவி பூங்கொடிக்குச் சொந்த ஊர் பழனிக்கு அந்தப் பக்கம் நெய்க்காரப்பட்டி. அப்பா அம்மா இல்லை. ஒரே அண்ணன், செல்லமுத்து. அவர்தான் வளர்த்து, படிக்கவைத்து, எனக்குக் கட்டிக்கொடுத்தார் (வாழ்க்கையில் தான் செய்த ஒரே அவசரம் அது என்று பிற்பாடு அவரே சொன்னார்). எங்கள் மகள் யாழினி பிறந்ததும் அவர் வீட்டில்தான். மூன்றாம் மாதம் தங்கையையும் குழந்தையையும் கொண்டுவந்து விட, பை பையாகச் சாமான்களோடு மச்சான் எங்கள் வாசலில் வந்து இறங்கினார்.

நான் அப்போது கூடத்தில் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தேன். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கணினி வேலை பார்க்கிறேன். காதில் ஹெட்செட், அதற்குள் மேனேஜர். வாசலில் நின்ற மச்சானைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். அதோடு விட்டிருக்கலாம். 'ஒரு நிமிஷம்' என்று ஒற்றை விரலையும் தூக்கிக் காட்டினேன். அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து ஐந்தாறு தடவை "வாங்க தம்பி" என்றாள். அதெல்லாம் கணக்கில் வராது. மச்சான் பைகளை இறக்கிவைத்தார், குழந்தையின் தலையைத் தடவினார், தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அந்த மீட்டிங்கில் என்ன பேசினார்கள் என்று இன்றைக்கு எனக்கு ஒரு வரிகூட நினைவில்லை.

அப்புறம் பத்து மாதம் எங்களுக்குள் பேச்சில்லை. தங்கையோடு போனில் பேசுவார். பேச்சில் என் பெயர் வந்தால் 'சிக்னல் இல்ல அம்மிணி' என்று வைத்துவிடுவார்.

இந்த லட்சணத்தில்தான் யாழினியின் காதுகுத்து வந்தது. அய்யலூருக்குப் பக்கத்தில் எங்கள் குலதெய்வம் கருப்பணசாமி கோயிலில் மொட்டை, காதுகுத்து, கிடாய் வெட்டு. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். பூங்கொடிக்கு இருப்பது ஒரே அண்ணன், அவர் வராவிட்டால் மடிக்கு எங்கே போவது?

"ஏனுங்க, நாம ரெண்டு பேரும் தட்டோட போயி, நீங்க வாயத் தொறந்து எங்கண்ணனக் கூப்புடோணும். அவரு மடி இல்லாம எம்புள்ளைக்குக் காதே குத்த வேண்டாம்" என்று பூங்கொடி சொல்லிவிட்டாள். நான் பெரிய வீரன்போல, அடுத்த ஞாயிறு போவோம், அதற்கடுத்த வெள்ளி போவோம் என்று தள்ளித் தள்ளியே காதுகுத்து வாரத்துக்குள் வந்து நின்றேன் (பயம்தான், வேறென்ன). கடைசியில் வியாழக்கிழமை விடிகாலை கிளம்புவது என்று அவளே நாள் குறித்தாள்.

மற்ற சொந்தக்காரர்களுக்கெல்லாம் அம்மா ஏற்கெனவே போனில் சொல்லி முடித்திருந்தாள். எத்தனை பேர் வருவார்கள் என்பதுதான் தெரியவில்லை. ராசு என்ற சமையல் மாஸ்டர் தினமும் கேட்டுக்கொண்டிருந்தார். அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். என் வாயை அப்போதே யாராவது பொத்தியிருக்கலாம்.

மேசை இழுப்பறையில் பழைய இன்டர்நெட் டாங்கிள் ஒன்று கிடந்தது. அதற்குள் உபரியாக இருந்த சிம்மைப் போட்டு மடிக்கணினியில் செருகி, கறுப்புத் திரையில் ஒரு கட்டளையைத் தட்டினால் மெசேஜ் போகும். வருகிற மெசேஜும் அதே திரையில் வரிவரியாக வந்து விழும். போனே வேண்டாம். இதை எல்லாரும் வைத்திருக்கும் வாட்ஸ்அப்பில் இரண்டு நிமிஷத்தில் முடித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பூங்கொடியும் அதைத்தான் கேட்டாள். சொந்தத்தில் பாதிப் பேர் பட்டன் போன்காரர்கள் என்று அவளிடம் சொன்னேன். உண்மையான காரணம், கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடும்போது எனக்கு ராக்கெட் விடுகிற ஆள்போல ஒரு மிதப்பு வரும்.

முதல் வெள்ளோட்டம் அம்மாவின் போனுக்கு. தமிழில் அனுப்பினேன். தமிழ் என்று கட்டளையில் தனியாகச் சொல்லாவிட்டால் எழுத்து அத்தனையும் கேள்விக்குறியாகப் போய்ச் சேரும் என்பது எனக்குத் தெரியாது. அம்மா போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "எதுக்குடா அப்பு இம்புட்டுக் கேள்வி கேக்குற? நேர்ல கேட்டா சொல்ல மாட்டேனா?"

அதைச் சரிசெய்ததும் அடுத்த சிக்கல். ஒரு சிம்முக்கு ஒரு நாளைக்கு நூறு மெசேஜ்தான் இலவசம். என் பட்டியலில் தொண்ணூற்று மூன்று எண்கள். தமிழில் ஒரு மெசேஜுக்கு எழுபது இடம்தான், அதற்கு மேல் போனால் இரண்டாக உடைந்து இரண்டு மெசேஜ் கணக்காகிவிடும். கால், கொம்பு, புள்ளி ஒவ்வொன்றும் தனி இடம் பிடிக்கும். ஆகவே ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து அழைப்பைச் செதுக்கினேன். 'அன்புடையீர்' போனது. 'தங்கள் வருகையை நாடும்' போனது. கோயில் பெயர் போனது (காதுகுத்தைக் குலதெய்வத்துக்கிட்ட வைக்காம சினிமா தியேட்டர்லயா வைப்பாங்க?). கடைசியில் இது நின்றது:

'யாழினி காதுகுத்து ஞாயிறு 11 மணி. எத்தனை பேர்? எண் மட்டும் அனுப்பவும்'

அறுபத்தெட்டு இடம். இரண்டு மிச்சம். 'வாங்க' என்று சேர்க்கத்தான் பார்த்தேன். வ, கால், ங, புள்ளி, க என்று அது ஐந்து இடம் கேட்டது. நீக்கிவிட்டேன்.

அம்மா படித்துவிட்டு முகம் சுளித்தாள். விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டுத் தலையை எண்ணுவார்களா, 'குடும்பத்தோட வந்துருங்க' என்பதுதானே முறை என்றாள். காலம் மாறிவிட்டது என்று அவளுக்கு விளக்கினேன்.

பதில் வாங்கவும் ஒரு நிரல் எழுதியிருந்தேன். வந்த மெசேஜில் எண் இருந்தால் 'நன்றி. இத்தனை பேர் பதிவு செய்யப்பட்டது' என்று அதுவே பதில் போடும். எண் இல்லாவிட்டால் 'புரியவில்லை. எண் மட்டும் அனுப்பவும்' என்று போடும். (பதில்களும் அந்த நூறு மெசேஜ் கணக்கில் சேரும், மேலே போவதற்கெல்லாம் காசு பிடிக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இப்படித்தான் என் திட்டங்கள் இருக்கும்.)

பூங்கொடி, அம்மா இருவரின் போனிலிருந்தும் எண்களை எடுத்து ஒரே கோப்பில் வைத்திருந்தேன். மச்சானுக்கு மெசேஜ் போகக்கூடாது என்பது எனக்கு நன்றாக நினைவிருந்தது. அதனால் அவர் எண்ணுக்கு முன்னால் ஒரு # குறி போட்டேன். எங்கள் தொழிலில் ஒரு வரிக்கு முன்னால் அந்தக் குறி இருந்தால் 'இதைத் தொடாதே' என்று அர்த்தம். அது தொழில் தெரிந்தவன் எழுதிய நிரலுக்கு. போனிலிருந்து எடுத்த எண்களுக்கு நடுவே கோடும் அடைப்புக்குறியும் இடைவெளியுமாகக் கிடந்ததால், 'எண்ணைத் தவிர மற்ற குப்பையெல்லாம் துடைத்துவிடு' என்று முந்தின நாள் நானே ஒரு வரி எழுதிவைத்திருந்தேன். அது என் # குறியையும் குப்பை என்று துடைத்துப் போட்டது.

புதன்கிழமை மதியம் கட்டளையைத் தட்டினேன். பச்சை எழுத்து ஓடியது. தொண்ணூற்று மூன்று இல்லை, தொண்ணூற்று நான்கு என்று கடைசி வரி சொன்னது. ஒன்றுதானே கூட இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு சாப்பிடப் போனேன். சாப்பிட்டுவிட்டுச் செத்த நேரம் கண்ணயர்ந்தேன்.

எழுந்து வந்து பார்த்தால் திரை நிரம்பி வழிந்தது. பாதிப் பேர் எண் அனுப்பியிருந்தார்கள். 'குடும்பத்தோட வாரோம்' என்று பாசமாக எழுதிய சித்தப்பாவிடம் என் நிரல் புரியவில்லை என்று சொல்லியிருந்தது. அதற்குக் கீழே மச்சானின் போன் எண். மச்சானுக்கும் என் டாங்கிளுக்கும் நடந்த பேச்சு இது:

'இது யாருங்க'

'புரியவில்லை. எண் மட்டும் அனுப்பவும்'

'யாழினி காதுகுத்துன்னா மாப்ளைங்களா? மூணு தடவ கூப்புட்டேன் எடுக்க மாட்டேங்கறீங்க'

'புரியவில்லை. எண் மட்டும் அனுப்பவும்'

(டாங்கிளுக்கு மணியடிக்கத் தெரியாது. அதை அவருக்கு யார் சொல்வது?)

'தாய்மாமனக் கூப்புடற மொற இதுதானுங்களா'

'புரியவில்லை. எண் மட்டும் அனுப்பவும்'

அரை மணி நேரம் கழித்து, கடைசியாக:

'150'

'நன்றி. 150 பேர் பதிவு செய்யப்பட்டது'

பூங்கொடியிடம் திரையைக் காட்டினேன். மறைத்தால் வியாழக்கிழமை காலையில் இன்னும் மோசமாகும் என்கிற அளவுக்கு மட்டும் எனக்கு அறிவிருந்தது. அவள் மேலிருந்து கீழே ஒரு தடவை படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"ஒரு எடத்துலயாவது 'வாங்க'ன்னு போட்டிருக்கீங்களா?"

அதற்கு ஐந்து இடம் ஆகும், எழுபதைத் தாண்டிவிடும் என்று சொன்னேன். இன்றைக்கும் அந்த வாக்கியத்தை நினைத்தால் எனக்கு உடம்பு கூசுகிறது. அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அழுகிறாள் என்று தெரிந்தது. அம்மா மட்டும் நடைமுறைக்கு வந்தாள். ரெண்டு கிடாய்தானேடா சொல்லியிருக்கு, நூத்தம்பது பேரு கூட வந்தா ரசத்தையா ஊத்துவ என்று கேட்டாள்.

அண்ணன் கோபத்தில் அனுப்பிய எண் அது, வரமாட்டார் என்று பூங்கொடி சொன்னாள். வந்து நூற்றைம்பது பேருக்கு முன்னால் மானத்தை வாங்குவார் என்று எனக்குப் பட்டது. எதுவாக இருந்தாலும் மடி கிடைக்கப்போவதில்லை.

வியாழக்கிழமை இருட்டு பிரிவதற்குள் தட்டு, வெற்றிலை பாக்கு, பழம், பூ, புது வேட்டி எல்லாம் எடுத்துக்கொண்டு கிளம்பினோம். வழி நெடுக நான் 'வாங்க மச்சான், வாங்க மச்சான்' என்று சொல்லிப் பழகிக்கொண்டே வண்டி ஓட்டினேன். நெய்க்காரப்பட்டியில் போய் இறங்கினால் வாசலில் பூங்கொடியின் அண்ணி மட்டும் நின்றார். "அவிய கோழி கூப்புடறதுக்கு முன்னயே அய்யலூர் சந்தைக்குப் போயிட்டாங்களே. கிடாய் புடிக்கோணும்னு" என்றார்.

அதாவது நாங்கள் அவர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தபோது அவர் திண்டுக்கல்லைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்திருக்கிறார். வழியில் எங்கேயோ நேருக்கு நேர் கடந்திருப்போம். வண்டியைத் திருப்பினேன். போன வழியே அவ்வளவு தூரமும் திரும்பி வந்து, அதற்கு மேலும் போக வேண்டும். பூங்கொடி மடியில் தட்டைப் பிடித்தபடி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். அண்ணி சொன்ன 'கிடாய்' என்ற வார்த்தையை இரண்டு பேருமே யோசித்துக்கொண்டிருந்தோம்.

சந்தை கலைகிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆடுகளுக்கு நடுவே தட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடந்தேன். தூரத்தில் மச்சான் நின்றார், கையில் மூன்று கயிறுகள். எங்கே இந்தத் தடவையும் விட்டுவிடுவேனோ என்ற பயத்தில் அங்கிருந்தே "வாங்க, வாங்க" என்று கத்தினேன். சந்தையில் 'வாங்க' என்று கத்துகிறவன் ஆடு விற்கிறவன்தான். நாலைந்து பேர் என்னைச் சூழ்ந்துகொண்டு ஆடு எங்கே, என்ன வயசு, பல்லுப் போட்டதா என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு போய் மச்சான் முன்னால் நின்று, தட்டைத் தாழ்த்தி நீட்டினேன்.

"மச்சான், யாழினிக்குக் காதுகுத்து. நீங்க வரணும். வாங்க மச்சான். அன்னிக்கே கேட்டிருக்கணும். தப்பு என்னுதுதான்."

அவர் என்னைப் பார்த்தார். வாங்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அந்த இடைவெளியில், அவர் கையில் இருந்த கிடாய்களில் ஒன்று கழுத்தை நீட்டித் தட்டில் இருந்த வெற்றிலையைக் கவ்வியது. நான் இழுத்தேன், அது விடவில்லை. ஒரு கவுளி வெற்றிலையையும் தின்றுவிட்டு, பூவுக்குத் தாவியது. பழத்தைக் காப்பாற்றப் போனதில் வேட்டி சாணியில் விழுந்தது. பக்கத்தில் நின்ற தரகர், தாய்மாமன் வாங்கலைன்னா என்ன, கிடாய் வாங்கிக்கிருச்சே என்றார். மச்சானின் தோள் குலுங்க ஆரம்பித்தது. பத்து மாதத்துக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தேன். பூங்கொடி அழுதுகொண்டே சிரித்தாள்.

"கோவந்தானுங்க மாப்ள" என்றார். "கோவத்துலதான் நூத்தம்பதுன்னு போட்டேன். போட்டப்பறந்தான் யோசிச்சேன். அத்தன பேரோட நான் வந்து நின்னா நீங்க என்ன பண்ணுவீங்க? எந்தங்கச்சி தல குனிஞ்சு நிக்கோணுமே. அதான் கிடாய நானே புடிச்சுட்டேன். சொன்ன எண்ணுக்குக் கொறையாம வருவேனுங்க."

என்னை அவமானப்படுத்த வருகிறார் என்று நான் நினைத்திருந்தேன். அவர் தங்கையின் மானத்துக்காகச் சந்தைக்கு வந்திருக்கிறார். எனக்கு அந்த இடத்திலேயே வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. மச்சான் வெறும் தட்டையும் வாழைப்பழத்தையும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை. என் வாழ்க்கையில் நான் ஜெயித்த நாட்களைப் பட்டியலிட்டால் அதுதான் முதலில் வரும். மூன்று வேன், ஒரு மினி பஸ், நாலு கார். மேளத்தோடும் வரிசைத் தட்டுகளோடும் நெய்க்காரப்பட்டியே இறங்கியது. நான் கோயில் முகப்பில் நின்று ஒவ்வொருவரையும் தனித்தனியாக 'வாங்க' என்று கேட்டேன். நூற்றைம்பது 'வாங்க'. ஐந்து இடம் வீதம் எழுநூற்றைம்பது இடம். முடிக்கும்போது எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. கடைசியில் வந்த இரண்டு பேரை மச்சானுக்கே யாரென்று தெரியவில்லை. "நூத்தி நாப்பத்தெட்டுதான் தேறுச்சுங்க. ஒட்டஞ்சத்திரம் பஸ் ஸ்டாண்டுல இவிய ரெண்டு பேரும் சும்மா நின்னாங்க, ஏத்திட்டு வந்துட்டேன்" என்றார். அதில் ஒருவர் யாழினிக்குக் கிலுகிலுப்பைகூட வாங்கி வந்திருந்தார்.

யாழினி மச்சானின் மடியில் உட்கார்ந்து, மொட்டைத் தலையோடு ஊர் அதிர அழுதாள். ஆசாரி ஊசியை எடுத்ததும் மச்சானும் கண்ணை மூடிக்கொண்டார். ஐந்து கிடாயும் பிரியாணியும் குழம்புமாகி இலைக்கு வந்தன. கறுப்புத் திரையில் எங்கள் பக்கம் நூற்று எழுபத்திரண்டு, மச்சான் பக்கம் நூற்றைம்பது, ஆக முந்நூற்று இருபத்திரண்டு என்று மாஸ்டரிடம் சொல்லியிருந்தேன். சரியாக முந்நூற்று இருபத்திரண்டு இலை. அண்டாவில் ஒரு பருக்கை மிச்சமில்லை, யாருக்கும் ஒரு துண்டு குறையவுமில்லை. "நாப்பது வருசமாக் கரண்டி பிடிக்கேன் தம்பி. எந்த வீட்டுக்காரரும் கடைசி ரெண்டோட சேத்துச் சொன்னதில்ல" என்றார் ராசு மாஸ்டர். அம்மாவுக்குக் கேட்கட்டும் என்று அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

அம்மாவுக்குக் கேட்டது. ஆனால் அவள் வேறொன்றைக் கேட்டாள். "எல்லாம் சரிடா அப்பு, நாம எங்க சாப்புடுறது?"

எங்களுக்கு யாரும் மெசேஜ் அனுப்பவில்லை. நானும் அம்மாவும் பூங்கொடியும் எந்த எண்ணிலும் இல்லை. காலியான அண்டாவை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது மச்சான் ஒரு தூக்குப்போசியோடு வந்தார். மாஸ்டரிடம் முதலிலேயே சொல்லி எடுத்து வைத்திருக்கிறார். உங்க மெசினுக்கு ஊர் ஆளுக தெரியும், ஊட்டு ஆளுக தெரியாதுங்க மாப்ள என்று சொல்லி, தானும் இன்னொரு தடவை எங்களோடு உட்கார்ந்தார்.

இது நடந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன. இப்போது யார் வீட்டு விசேஷமானாலும் சித்தப்பா வாசலில் நின்றுகொண்டு 'புரியவில்லை, எண் மட்டும் சொல்லவும்' என்று வருகிறவர்களை வம்புக்கிழுக்கிறார். போன மாதம் மச்சானும் அண்ணியும் தங்கள் மூத்த மகள் பெரியவளான சீருக்கு அழைக்கத் தட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஆபீஸ் மீட்டிங்கை அப்படியே விட்டுவிட்டுத் தெரு வாசலுக்கே ஓடி 'வாங்க' கேட்டேன். முறையாக அழைத்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். கார் தெரு முனையைத் திரும்பியிருக்காது, என் போனுக்கு மெசேஜ் வந்தது.

'எத்தனை பேர்? எண் மட்டும் அனுப்பவும்'

சிரித்துக்கொண்டே '4' என்று அனுப்பினேன்.

'புரியவில்லை'

'4 பேர்' என்று அனுப்பினேன்.

'புரியவில்லை'

பக்கத்தில் எட்டிப் பார்த்த பூங்கொடி தலையில் அடித்துக்கொண்டு போனைப் பிடுங்கினாள். "ஏனுங்க, கூப்புட்டா என்ன சொல்லோணும்னு இன்னுமா தெரியல?" என்று சொல்லி என் பெயரில் அவளே அடித்தாள்: 'கட்டாயம் வர்றோமுங்க மச்சான்.'

'நன்றி. 4 பேர் பதிவு செய்யப்பட்டது.'